செனோரா வீட்டுக்கு வந்த சனிக்கிழமை

அத்தியாயம் 11

மூன்று நாட்களாக அந்தப் படிவம் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. காற்றில் பறந்துவிடாமல் இருக்க உப்பு ஜாடியை மேலே வைத்திருந்தார்கள்.

அடியில் மூன்று கோடுகள். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பூனைக் காப்பகத்தின் விதி. முதல் கோட்டில் மிரேயா போட்டுவிட்டாள். இரண்டாவதில் சொந்த மகளோ தம்பி மகளோ என்று யாரும் பிரித்துப் பார்க்காத அளவுக்கு அவள் தூக்கி வளர்த்த யாஸ்னா. மூன்றாவது கோடு காலியாகவே இருந்தது. அது யாஸ்னாவின் அப்பாவும் மிரேயாவின் தம்பியுமான தாமியானுக்கு உரியது.

தாமியான் மேசைக்கு வருவான், ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுவான், படிவத்தை ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவான். 'வேண்டாம்' என்று சொன்னால்கூடச் சண்டை போடலாம். அதையும் சொல்லவில்லை.

போன வாரம் பழைய கம்பளிகளைக் கொடுப்பதற்காகத்தான் மிரேயா அந்தக் காப்பகத்துக்குப் போனாள். யாஸ்னா அங்கே வாரம் இரண்டு நாள் வேலை பார்க்கிறாள். கம்பளியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவளின் கைப்பையை, கடைசிக் கூண்டிலிருந்து ஒரு கிழட்டுப் பூனை காலை நீட்டிப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வயது. பாதிப் பல் இல்லை. கறுப்பும் ஆரஞ்சும் குழம்பிய முகம். 'செனோரா' என்று அங்கே பெயர் வைத்திருந்தார்கள், பெரிய மனுஷி மாதிரி நடந்துகொள்வதால். வளர்த்த பூனை மோரா போனபிறகு ஒன்பது வருடமாக ஒரு குருவிக்குக்கூடத் தண்ணீர் வைக்காத மிரேயா, அன்றைக்கு அரைமணி நேரம் அந்தக் கூண்டின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிலி நாட்டு வால்பராய்சோவின் மலைகளில் மழைக்காலம் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை காலை, மலைச்சரிவில் ஆட்களை ஏற்றி இறக்கும் இழுவை ரயில் நிலையத்தில், தான் வேலை பார்க்கும் டிக்கெட் ஜன்னலில் அவள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"அத்தை, வண்டி ரெண்டு மணிக்கு இல்லையாம்" என்றாள் யாஸ்னா. "பன்னெண்டுக்கே கிளம்புதாம்."

காப்பகம் இருந்த இடத்தை நிலத்துக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். எடுத்துக்கொள்ள ஆளில்லாத பூனைகளை இன்றைக்கு வேனில் ஏற்றி சாந்தியாகோ பக்கம் ஏதோ பெரிய காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே முந்நூறு பூனைகள். மிச்சமிருக்கிற பல்லை வைத்துக்கொண்டு செனோரா அங்கே சோற்றுக்குச் சண்டை போட வேண்டும்.

"அவளை வண்டியில ஏத்தாதே. நான் வர்றேன்."

"கையெழுத்து?"

"வர்றேன்னு சொன்னேன்ல."

அடுத்த ஷிஃப்டுக்கு உட்கார வேண்டிய ஒத்திலியா சீக்கிரமே வந்து சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மிரேயா சாவியை அவள் கையில் திணித்தாள்.

"எங்க ஓடற? வீட்டுல எதுவும் ஆயிடுச்சா?"

"இன்னும் ஆகல. ஆகறதுக்கு முன்னாடி போறேன்."

வீட்டில் தாமியான் கூரைமேல் இருந்தான். தகரத்தில் ஆணி அடிக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. முப்பது வருடம் டிராலி பஸ் ஓட்டிவிட்டு இந்த மார்ச்சில்தான் ஓய்வு பெற்றவன். மனசு சரியில்லாதபோது எதையாவது அடித்துக்கொண்டே இருப்பான். இந்த வாரம் கூரை.

"இறங்குடா."

"மழை வரப்போகுதுக்கா."

"வரட்டும். வண்டி பன்னெண்டுக்கே போகுதாம். போடறியா, இல்லையா?"

சுத்தியல் நின்றது. "உனக்குப் பூனைதானே வேணும்? சின்னக் குட்டியா ஒண்ணு வாங்கித் தர்றேன். நாளைக்கே."

"எனக்குக் குட்டி வேணாம். நான் என்ன பள்ளிக்கூடத்துப் பொண்ணா? என் வயசுக்கு ஏத்தது அதுதான். அதுக்கு முட்டி வலி, எனக்கும் முட்டி வலி."

அவன் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரித்திருப்பான்.

"அது செத்துப்போனா நீ மறுபடியும் அப்படி ஆயிடுவ" என்றான், கூரையைப் பார்த்தபடி. "மோரா போன அந்த ஒரு வருஷம் நீ எப்படி இருந்தேன்னு நான் பார்த்தேன்."

"செத்துப்போகத்தான் போகுது. ஒரு வருஷமோ மூணு வருஷமோ. அதுவரைக்கும் நம்ம அடுப்பங்கரையில படுத்துக் கிடக்கட்டும்."

மிரேயா உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கையெழுத்து இல்லாவிட்டாலும் போய், காப்பகத்தை நடத்தும் அந்த எர்சிலியாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தாள். வாசல் தாண்டும்போது பின்னால் ஏணி முனகியது.

"நானும் வர்றேன்" என்றான் தாமியான். கையில் சுத்தியல் அப்படியே இருந்தது. மேல்மலைக்குப் போகும் ஷேர் டாக்ஸியில் ஏறிய பிறகுதான் அதைக் கவனித்தான். டிரைவர் கண்ணாடியில் ஒரு தரம் சுத்தியலைப் பார்த்தார், ஒரு தரம் அவன் முகத்தைப் பார்த்தார், வழி முழுக்கப் பாட்டுப் போடவில்லை.

காப்பகத்து முற்றத்தில் வேன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. யாஸ்னா ஒரு ஓரமாக, செனோரா இருந்த கூடையை மார்போடு அணைத்தபடி நின்றாள். யாராவது கேட்டால் தரமாட்டேன் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

எர்சிலியா ஒரு மரப்பெட்டியை மேசையாக்கி, அதன்மேல் முத்திரையும் மைப்பெட்டியும் வைத்திருந்தார். பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்தவர். பூனைகளைக் கேட்டு வருகிறவர்களையும் பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப் போலத்தான் பார்ப்பார்.

"பின்பக்கம் கேள்விகள் இருக்கு. என் கண் முன்னாடி எழுதணும்" என்றார். "ஒண்ணுவிடாம."

முதல் மூன்று கேள்விகள் லேசானவை. வீட்டில் எத்தனை பேர், ஜன்னலுக்கு வலை உண்டா, பகலில் யார் இருப்பார்கள். நான்காவது கேள்வி: இதற்கு முன் பிராணி வளர்த்ததுண்டா? அதற்கு என்ன ஆயிற்று?

மிரேயா எழுதினாள். 'உண்டு. ஒரு கறுப்புப் பூனை. பெயர் மோரா. மலையில் தீப்பிடித்த அன்று வீட்டைவிட்டு ஓடி...'

"அதை எழுதாதே" என்றான் தாமியான்.

"எதை?"

"ஓடிப்போச்சுன்னு எழுதாதே. அது ஓடல."

மிரேயா பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. நிமிர்ந்து மட்டும் பார்த்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், மேல்காட்டில் பிடித்த தீ காற்றோடு இறங்கி அவர்கள் தெருவை எரித்த நாளில், மிரேயா கீழே டிக்கெட் ஜன்னலில் மாட்டிக்கொண்டிருந்தாள். மேலே போக யாரையும் விடவில்லை. தாமியான்தான் பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டுக் குறுக்கு வழியாக ஏறி, பன்னிரண்டு வயது யாஸ்னாவைக் கூட்டி வந்தான். மோரா எங்கே என்று கேட்டதற்கு, நான் போவதற்குள் ஓடிவிட்டது என்றான். இதுதான் அவளுக்குத் தெரிந்த கதை.

"நான் போனப்போ அது கட்டிலுக்கு அடியில இருந்துச்சு" என்றான் தாமியான் இப்போது. சொல்வதற்குப் பழக்கப்படாத எதையோ சொல்கிறவனாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். "பிடிச்சுத் தலையணை உறைக்குள்ள போட்டேன். ஒரு கையில அது, ஒரு கையில யாஸ்னா. படிக்கட்டுல பாதி தூரம் வந்துட்டோம். அங்க புகை இறங்கிடுச்சு. இவளால மூச்சு விட முடியல. மடங்கி உட்கார்ந்துட்டா. தூக்கணும்னா ரெண்டு கையும் வேணும்."

சுத்தியலைக் கீழே வைத்தான்.

"உறையைத் தொறந்து விட்டேன். கீழே ஓடும்னு நினைச்சேன். அது மேல ஓடிச்சு. வீட்டுக்கே. வால் கதவுக்குள்ள போறதைப் பார்த்தேன். அப்புறம் இவளைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டேன். திரும்பிப் பார்க்கல."

முற்றத்தில் யாரோ வேன்காரரிடம் கயிறு கேட்டார்கள். யாஸ்னாவின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு அந்த நாளில் நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் சட்டை தன் முகத்தை மூடியிருந்தது.

மிரேயாவுக்கு முதலில் வந்தது துக்கமில்லை. கோபம். அதுவும் மோராவுக்காக வந்த கோபமில்லை.

"நான் அந்தச் சாம்பல் மேட்டுக்குத் தினமும் போனேன்" என்றாள். குரல் ஏறவில்லை. "தட்டுல மீன் வச்சுக்கிட்டு. மூணு மாசம். மோரா, மோரான்னு கத்துனேன். நீ பக்கத்துல நின்ன."

"ஆமா."

"நீயும் கூப்பிட்டியேடா."

"நீ கூப்பிடறப்போ என்னால சும்மா நிக்க முடியல."

"செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டே கூப்பிட்ட."

"ஆமாக்கா." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "அன்னிக்கே சொல்லியிருந்தா நீ இவ முகத்தைப் பார்க்கறப்பெல்லாம் அதை நினைச்சுக்குவியோன்னு பயம். உன்னைவிட்டா இவளுக்கு யாரு? இவங்கம்மா போய் அப்பவே நாலு வருஷம். அப்புறம் நாளாக நாளாகச் சொல்ற தைரியம் போயிடுச்சு. பின்பக்கக் கேள்வியை மூணு நாளைக்கு முன்னாடியே படிச்சுட்டேன். இப்போ இந்தக் காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போடுன்னா, பொய்க்குக் கீழே எப்படிப் போடுவேன்?"

மூன்று நாளாக அந்தக் கோடு ஏன் காலியாக இருந்தது என்பது அப்போதுதான் மிரேயாவுக்குப் புரிந்தது.

"எனக்காகவா?" என்றாள் யாஸ்னா. கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "என்னைத் தூக்கறதுக்காகவா அத்தையோட மோராவை..."

மிரேயா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தொரு வயது. நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. ஸ்வெட்டர் முழுக்கப் பூனை மயிர். காலையில் அவள்தான் அத்தைக்கு மூட்டுவலித் தைலம் தேய்த்துவிட்டுக் கிளம்பினாள். போன ஆண்டு மிரேயா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் நாற்காலியிலேயே தூங்கியவள். தம்பி அந்தப் படிக்கட்டில் ஒரு நிமிடம் தயங்கியிருந்தால், உறையை அவிழ்க்க மனசு வராமல் ஒரு கையாலேயே இழுத்துப் பார்த்திருந்தால். அதற்கு மேல் மிரேயாவால் யோசிக்க முடியவில்லை. கை தானாகப் போய் யாஸ்னாவின் கன்னத்தைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"உனக்காகத்தான்" என்றாள். "வேற யாருக்காகச் செய்வான்?"

பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"ரெண்டு கையையும் இவளுக்குக் கொடுத்தியே, அதுக்கு நான் உனக்கு நன்றியே சொன்னதில்ல. நீ சொல்லாததால எனக்குத் தெரியல. ஒன்பது வருஷ நன்றி பாக்கி கிடக்கு. இப்ப சொல்றேன், கேட்டுக்க. மீன் தட்டுக்கு மட்டும் உன்னை மன்னிக்கக் கொஞ்ச நாளாகும்."

"எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்கக்கா."

"எடுத்துக்குவேன். நீ சொல்ல வேணாம்."

அவள் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினாள். 'தீயில் இறந்தது. வீட்டுக் குழந்தையைத் தூக்க வேண்டியிருந்தது.' பேனாவைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் குனிந்து, பள்ளிப்பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

எர்சிலியா கண்ணாடியை உயர்த்திப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"பதினாலு வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்கறேன்" என்றார். "எல்லார் வீட்டுப் பூனையும் வயசாகித் தூக்கத்துலதான் செத்திருக்கும். இப்பத்தான் ஒருத்தர் உண்மையை எழுதிப் பார்க்கறேன்."

முத்திரை விழுந்தது. "கூட்டிக்கிட்டுப் போங்க. கிட்னிக்கு ஏத்த சாப்பாடு மட்டும்தான். உப்பு ஆகாது. தூக்கினா பிடிக்காது. அவளா வருவா."

அவளாக வருவதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

கூடையைத் திறந்ததும் செனோரா சமையலறையைச் சுவரோரமாக ஒரு சுற்று வந்தாள். எரிந்த இடத்திலேயே மூவரும் திரும்பக் கட்டிய வீடு. சமையலறை மட்டும் கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்டது. அடுப்பை மோந்தாள். தாமியானின் செருப்பை மோந்து, உதட்டைச் சுழித்தாள். எரிவாயு உருளைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பச்சைக் கண்கள் மட்டும் தெரிந்தன.

"யாரும் பார்க்காதீங்க" என்றாள் யாஸ்னா. "பார்த்தா வரமாட்டா."

அதனால் மூவரும் பார்க்காதவர்களாக நடித்தார்கள். மிரேயா ஒரே கோப்பையை நான்கு முறை கழுவினாள். தாமியான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவன் காலையில் அடித்த தகரம் ஒழுகவில்லை, அடிக்காமல் விட்ட மூலை ஒழுகியது. எழுந்து போய் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு, சத்தம் வராமல் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

ஐந்து மணிக்கு மிரேயா தேநீர் போட்டாள். ரொட்டியை வாட்டி, வெண்ணெய்ப் பழத்தை மசித்துக் கிண்ணத்தில் வைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். காலையில் பேசியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆனால் தாமியான் இரண்டாவது ரொட்டியை எடுத்தான், பிறகு மூன்றாவதையும் எடுத்தான். இந்த மூன்று நாளில் அவன் வயிறாரச் சாப்பிட்டு அவள் பார்க்கவில்லை. மிரேயா வெண்ணெய்ப் பழக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைப் பார்த்தான், அவளையும் பார்த்தான், எடுத்துத் தடவிக்கொண்டான்.

அப்போதுதான் செனோரா வெளியே வந்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டுவிட்டு, ஒழுகலுக்கு வைத்த பாத்திரத்தில் மழைத்தண்ணீரை நக்கிக் குடித்தாள். நிதானமாகக் குடித்து முடித்து, மேசைக்கு அடியில் நடந்து போய், தாமியானின் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் படுத்தாள்.

"அத்தை" என்றாள் யாஸ்னா மெதுவாக. "அப்பாவைப் பாருங்க."

தாமியான் அசையவே இல்லை. ரொட்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது. கண் நிறைந்து, துடைக்கக் கையில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"பையைப் பிடிச்சு இழுத்தது என்னை. படுத்துக்கறது அவன்கிட்ட" என்றாள் மிரேயா. "நல்ல நியாயம்." ஆனாலும் எழுந்து போய், அவன் முகத்தைத் தன் தோளில் முந்தானைபோல் தொங்கிய சமையல் துண்டால் துடைத்துவிட்டு, பின்னால் நின்றபடியே அவன் தோளில் கை வைத்துக்கொண்டாள். கீழே அந்தக் கிழட்டு உடம்பு ஏறி இறங்கி மூச்சு விட்டது. மூன்று பேர் வீட்டில் நான்காவது மூச்சு. இதைத் தவிர இன்றைக்கு வேறெதுவும் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

போன் அடித்தது.

எர்சிலியா. அவர் குரலில் தலைமை ஆசிரியை இல்லை.

"மிரேயா, பூனை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா. படுத்திருக்கா. என்ன விஷயம்?"

"இங்க ஒருத்தர் வந்திருக்கார். வேன் போனதுக்கு அப்புறம் வந்தார். நனைஞ்சு போய் நிக்கறார். அது அவரோட பூனை."

மிரேயா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பெயர் அன்செல்மோவாம். எழுபது வயது. பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். வீட்டைக் காலி செய்த மருமகன் பூனையை எங்கேயோ கொடுத்துவிட்டான், எங்கே என்று அவனுக்கே நினைவில்லை. எழுந்து நடக்க முடிந்த நாளிலிருந்து அவர் ஊன்றுகோலோடு ஒவ்வொரு காப்பகமாகத் தேடி வருகிறார். இது ஆறாவது.

"அவர் திருப்பிக் கேட்கல" என்றார் எர்சிலியா. "கேட்க உரிமையும் இல்ல. முத்திரை போட்டாச்சு. உயிரோட இருக்கான்னு மட்டும் கேட்கறார். நான் இன்னும் எதுவும் சொல்லல. நீங்க சரின்னாதான் சொல்லுவேன்."

யாஸ்னா எழுந்து நின்றுவிட்டாள். பாதிப் பேச்சிலேயே அவளுக்குப் புரிந்திருந்தது. "அத்தை, நம்ம பேர்ல பதிஞ்சாச்சு. நாம எதுவும் பண்ண வேண்டியதில்ல" என்றாள். உடனே தானே வெட்கப்பட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மிரேயா தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து, பாதங்களுக்கு நடுவில் சுருண்டிருந்த அந்தக் கறுப்பு ஆரஞ்சு முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. "ஆறு காப்பகமா?" என்று மட்டும் கேட்டான். "இந்த மழையில, ஊன்றுகோலோட?"

செனோரா வீட்டுக்கு வந்து இன்னும் ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் தேநீருக்கு வரச் சொல்லுங்க" என்றாள் மிரேயா போனில். "ஆனா உயிரோட இருக்கான்னு இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு வரைக்கும் காக்க வைக்காதீங்க. இல்ல, வேணாம். போனை அவர்கிட்டயே கொடுங்க."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு மனிதர் மூச்சு வாங்கும் சத்தம். பக்கவாதம் வந்த நாக்கு. வார்த்தை சரியாக உருளவில்லை.

"அம்மா... ரெனாத்தா இருக்காளா?"

செனோராவுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது என்று மிரேயாவுக்குப் புரிந்தது. ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். போனைப் பூனையின் காதருகே கொண்டுபோனாள்.

"பேசுங்க ஐயா" என்றாள். "கேட்டுக்கிட்டிருக்கா."